குழிக்குள்ளே ஒரு பள்ளிக்கூடம்!

தீப்பெட்டி அளவுதான் இருக்கும் அந்தத் துண்டு. கறுத்துக் கிடந்தது. சுற்றிலும் அதே கறுப்பு நிறத்தில் எரிமலைக் கூழாங்கற்கள், எண்ணி மாளாது! வறண்ட ஓடை, முள்மரம், உச்சியில் நின்று கொளுத்தும் ஆப்பிரிக்கச் சூரியன். அன்று வேலை இல்லாத ஓய்வு நாள். உடன் வந்தோர் முகாமில் களைப்பாறிக் கொண்டிருந்தனர். ஒருவர் மட்டும் உட்கார மனமில்லாமல், தரையைப் பார்த்தபடியே ஓடைக்கரையோரம் நடந்தார். நின்றார். குனிந்தார். எடுத்தார். இது கல்லன்று, மண்டை ஓட்டின் முன்பகுதி என்று கண்டுகொண்டார்!

1984ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அது. கென்ய நாட்டின் வடகோடியில், துர்கானா ஏரியின் மேற்குக் கரையில், நரியோகோட்டோமே என்னும் இடம். அந்தச் சில்லின் தடம் பற்றித் தோண்டத் தோண்ட, விலா எலும்பு வந்தது, தொடை எலும்பு வந்தது, தாடை வந்தது. 15 லட்சம் ஆண்டுகளாக மண்ணுக்குள் உறங்கிய ஒரு சிறுவன் எழுந்து வந்தான்! வயது எட்டு அல்லது ஒன்பதுதான் இருக்கும் என்கின்றனர். உயரமோ ஐந்தடிக்கு மேல். அத்தனை பழமையும் அத்தனை முழுமையும் ஒருசேரக் கொண்ட ஆதிமனித எலும்புக்கூட்டை உலகம் அதற்குமுன் கண்டதில்லை. 'துர்கானாச் சிறுவன்' என்று பெயரிட்டு அறிஞர் உலகம் கொண்டாடிற்று.

கண்டெடுத்தவர் யார்? பட்டங்கள் பல சுமந்த பண்டிதரா? பல்கலைக்கழகத்துப் பேராசிரியரா? இல்லை தோழர்களே, இல்லை! கமோயா கிமெயு என்பது அவர் பெயர். கால்நடை மேய்த்த கறுப்புப் பிள்ளை. தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றது. 1960இல், அன்று டாங்கனீக்கா என வழங்கிய நாட்டில், ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கில் லீக்கி தம்பதியர் தோண்டிக்கொண்டிருந்த குழியிலே மண் வெட்டச் சேர்ந்த கூலித் தொழிலாளி!

இதனை இன்று எழுதக் காரணம் உண்டு. அண்மையில் கூட்டம் முடிந்து மேடையைவிட்டு இறங்கியபோது பஞ்சாலைத் தோழர் ஒருவர் நம் கையைப் பற்றிக்கொண்டார். அவர் மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஆதிமனிதன் பிறப்பை ஆராயும் களப்பள்ளி ஒன்றிலே சேரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். "மண்ணு வெட்டுறது எங்களோட போகட்டும்னுதான் அண்ணே படிக்க வெச்சேன். இவ என்னடான்னா படிச்சுட்டு மண்ணு வெட்டவே போறேங்கிறா!" என்றார்.

தோழரின் கவலையை நாம் எள்ளி நகையாடமாட்டோம். பாட்டன் சுமந்தான் மண்சட்டி, தகப்பன் சுமந்தான், தாய் சுமந்தாள். சுமந்தவன் கையிலே ஏடு வரக்கூடாது என்று எழுதி வைத்தார்கள். ஏடு எடுத்தவனோ மண்ணைத் தொடுவது மரியாதைக் குறைவு என்று ஒதுங்கினான். அடித்துப் பிடித்து ஏட்டைக் கைப்பற்றிய முதல் தலைமுறை, மறுபடியும் மண்ணைத் தொடுவதா என்று பதறுகிறது. பதறத்தான் செய்யும். ஆனால் எந்த மண், எப்படிப்பட்ட வெட்டு என்று அறிந்த பிறகு பதறுவோமே!

கீழடியை நம் தோழர்கள் அறிவார்கள். பேருந்து வைத்துக்கொண்டு குடும்பத்தோடு போய்ப் பார்த்து வந்தவர்கள் பலர். அங்கே வெளிப்பட்டது 2,600 ஆண்டுகளுக்கு முந்தைய நகர வாழ்வு. எழுத்தறிந்த மக்கள், செங்கல் கட்டடம், உறைகிணறு. நாம் இங்கே பேசுவது அதைப்போல் பன்னூறு மடங்கு ஆழத்தில் கிடக்கும் கதை. நாடு இல்லை, மொழி இல்லை, மதம் இல்லை, சாதி அறவே இல்லை. மனிதன் இன்னும் முழு மனிதனாகவில்லை! அந்தக் காலம்.

துர்கானா ஏரி என்றோமே, அது பாலைக்கு நடுவே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் நீர்ப்பரப்பு. முதலைகள் உண்டு. அதன் பழைய பெயர் ருடால்ப் ஏரி! ஆஸ்திரிய நாட்டு இளவரசன் ருடால்புக்கும் ஆப்பிரிக்க ஏரிக்கும் என்ன உறவு? ஒரு உறவும் இல்லை. 1888இல் அங்கு வந்துசேர்ந்த ஐரோப்பியப் பிரபு ஒருவர், பல நூற்றாண்டுகளாக அக்கரையிலே வாழ்ந்த மக்களைக் கேளாமலே சூட்டிவிட்டுப் போன பெயர் அது. 1975இல்தான் அம்மண்ணின் மக்களான துர்கானா இனத்தாரின் பெயர் அதற்கு வந்தது. (பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்போர் எல்லா நாட்டிலும் உண்டு, சென்னை மாநிலம் 1969இல் தமிழ்நாடு ஆகும்வரை நாமும் அந்தக் கேள்வியைக் கேட்டுச் சலித்தவர்கள்தாமே!)

அந்த ஏரியின் கிழக்குக் கரையிலே கூபி போரா. அங்கே கென்யத் தேசிய அருங்காட்சியகமும் அமெரிக்கப் பல்கலைக்கழகமும் கைகோத்துப் பல ஆண்டுகள் களப்பள்ளி நடத்தி வந்துள்ளன. ரிச்சர்டு லீக்கி, ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தின் துணையோடு நிறுவிய துர்கானா வடிநில ஆய்வு நிலையமும், ஏரியின் இருபுறத்திலும் இடம் அமைத்து மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறது. கரும்பலகை உண்டு, சொற்பொழிவு உண்டு. ஆனால் முதன்மையான வகுப்பறை குழிதான்!

பொழுது விடியுமுன் எழவேண்டும்; வெயில் ஏறிவிட்டால் கல்லும் கொதிக்கும். மாணவர் வரிசையாக நின்று, தரையைப் பார்த்தபடி மெல்ல நடப்பர். மழை அரித்த பள்ளங்களிலே எலும்பும் கல்லும் தாமாகவே தலை நீட்டும். எது கல், எது கல்லாகிப்போன எலும்பு? கண்ணுக்குப் பிடிபடச் சில நாள் ஆகும். பிடிபடாதபோது செய்யும் சோதனை ஒன்று உண்டு. துண்டை எடுத்து நாக்கு நுனியில் வைப்பார்கள்! எலும்பிலே நுண்ணிய துளைகள் இருப்பதால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். வெறும் கல் ஒட்டாது. தண்ணீர்க் குவளையைத் தொட்டாலே தீட்டு என்று குளித்த கூட்டம் நம் நாட்டிலே இருந்தது. மனிதகுல வரலாற்றின் திறவுகோலோ செத்துப்போன பிராணியின் எலும்பை நக்கிப் பார்த்தவனுக்குக் கிடைத்திருக்கிறது!

அடுத்தது அகழ்வு. கொத்தனார்த் தோழரே, இதனைக் கவனமாகக் கேளும். ஆராய்ச்சியாளன் கையிலே இருக்கும் முதல் ஆயுதம் என்ன தெரியுமா? உம் பையிலே இருக்கும் கரணை! பிறகு? நூல், முளைக்குச்சி, தூக்குக்குண்டு, ரசமட்டம், சல்லடை, வாளி. எல்லாம் உம்முடைய சாமான்கள்! கூடுதலாக வைத்திருப்பவை தூரிகையும், மூங்கில் குச்சியும், பல் வைத்தியர் பல்லைக் குடையும் ஊசியுந்தான். நிலத்தை ஒரு மீட்டர் சதுரங்களாக நூல் கட்டிப் பிரிக்கின்றனர். ஒரு சதுரத்துக்கு ஓரிருவர். கடப்பாறை போட்டுப் பிளப்பதில்லை. ஐந்து சென்டிமீட்டர், பத்து சென்டிமீட்டர் என்று ஏடு ஏடாக மண்ணை உரிக்கின்றனர். ஒரு எலும்புத்துண்டு தென்பட்டால் பிடுங்கக்கூடாது. சுற்றிலும் மண்ணை நீக்கி, கிடந்தது கிடந்தபடியே நிறுத்தி, தெற்கு வடக்கு எவ்வளவு, கிழக்கு மேற்கு எவ்வளவு, ஆழம் எவ்வளவு என்று நில அளவைக் கருவியால் அளந்து, எந்தத் திசை நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்பதையும் குறித்து, எண் கொடுத்து, பையிலிட்டு, சீட்டு எழுதிய பிறகே அடுத்த வேலை. வெட்டிய மண் வீணாவதில்லை. அத்தனையும் சல்லடை ஏறும். எலிப்பல் ஒன்று சிக்கினாலும் அது சாட்சி. அன்று அங்கே புல்வெளி இருந்ததா, காடு இருந்ததா என்று சொல்லிவிடும்.

இத்தனை கெடுபிடி எதற்கு? ஆலையில் டோக்கன் இல்லாதவனுக்கு ஆஜர் இல்லை. அதுபோலத்தான்! எந்த இடத்தில், எந்த அடுக்கில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்ற குறிப்பை இழந்துவிட்ட எலும்புக்குச் சாட்சிக் கூண்டு ஏறும் தகுதி பெருமளவு போய்விடும். கண்ணாடிப் பேழையில் வைத்து வேடிக்கை பார்க்கலாம். வழக்கை வெல்ல முடியாது.

வயதை எப்படிக் கணித்தார்கள் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்! துர்கானாப் பகுதியிலே எரிமலைச் சாம்பல் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. அச்சாம்பலின் படிகங்களிலே பொட்டாசியம் என்ற பொருள் இருக்கிறது. அதிலே ஒருவகை, மிகமிக மெதுவாக, ஆர்கான் என்னும் வாயுவாக மாறிக்கொண்டே இருக்கும். பாதி அளவு அழிவதற்கு 125 கோடி ஆண்டு ஆகும்! எரிமலைக் குழம்பு கொதிக்கும்போது பழைய வாயு வெளியேறிவிடும். ஆறி இறுகிய நாளில் கடிகாரம் பூச்சியத்திலிருந்து ஓடத் தொடங்கும். இன்று அந்தப் படிகத்தில் எவ்வளவு வாயு சிறைப்பட்டிருக்கிறது என்று அளந்தால் சாம்பல் விழுந்த காலம் தெரியும். எலும்பு அச்சாம்பலுக்குக் கீழே கிடந்தால் அதனினும் பழையது, மேலே கிடந்தால் பிந்தியது.

இதிலும் ஒரு வேடிக்கை நடந்தது. சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1969இல் கே பெரென்ஸ்மையர் என்ற பெண், அப்போது ஆர்வர்டில் ஆராய்ச்சி மாணவி, கூபி போராப் பகுதியிலே சாம்பல் அடுக்கு ஒன்றிலிருந்து கற்கருவிகள் வெளிப்படுவதைக் கண்டார். அந்த அடுக்குக்கே அவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துக் 'கே.பி.எஸ். சாம்பல்' என்று பெயர் வழங்கிற்று. மாணவியின் பெயர் தாங்கிய மண்! அந்தச் சாம்பலுக்கு வயது 26 லட்சம் ஆண்டு என்று பரிசோதனைச் சாலை கூறிற்று. 1972இல் பெர்னார்டு நெகெனியோ, அவரும் கமோயாவின் குழுவைச் சேர்ந்த கென்யர், அந்த அடுக்குக்குக் கீழே புகழ்பெற்ற மண்டை ஓடு ஒன்றைக் கண்டார். அப்படியானால் அதன் வயது 26 லட்சத்துக்கும் மேல்! உலகமே வியந்தது. மேதைகள் மெச்சினர்.

மறுத்தது எது? பன்றி! ஆம், பன்றியின் பல்! கே.பி.எஸ். சாம்பலுக்குக் கீழே கிடைத்த பன்றிப் பற்களை எடுத்துக்கொண்டு, எத்தியோப்பியாவின் ஓமோ ஆற்றுப் படுகையில் காலம் உறுதிசெய்யப்பட்ட பன்றிப் பற்களோடு ஒப்பிட்டனர். ஓமோவில் 20 லட்சம் ஆண்டுக்கு முந்தைய அடுக்கிலே காணும் பன்றியல்லவா இங்கே இருக்கிறது, 26 லட்சம் எப்படிச் சரியாகும் என்று கேட்டனர். பத்தாண்டுப் பூசல்! கட்டுரைக்கு எதிர்க்கட்டுரை, மாநாட்டுக்கு மாநாடு வாக்குவாதம். சாம்பலை மீண்டும் மீண்டும் அளந்தனர். 1980 வாக்கில் வழக்கு முடிந்தது: ஏறத்தாழ 19 லட்சம் ஆண்டுதான். பரிசோதனைச் சாலையின் முதற்கணக்குத் தோற்றது. பன்றியின் பல் வென்றது.

பூமியைப் பாயாகச் சுருட்டிக் கடலுக்குள் ஒளித்தானாம் அரக்கன். பன்றியாகப் பிறந்து மீட்டுவந்தாராம் பகவான். பூமியிலேதானே கடல் இருக்கிறது, பூமியைச் சுருட்டி எந்தக் கடலில் ஒளித்தான் என்று நம் இயக்கம் மேடைதோறும் கேட்டது, விடை வரவில்லை. இந்த ஆப்பிரிக்கப் பன்றி எதையும் மீட்கவில்லை. சேற்றிலே செத்தது, பல்லை விட்டுச் சென்றது. அந்தப் பல் சொன்னதை எவர் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம்.

"லட்சக்கணக்கான ஆண்டுக் கணக்கெல்லாம் எங்கள் சாத்திரத்திலே அன்றே இருக்கிறது; கலியுகத்துக்கு 4,32,000 ஆண்டு என்று சொல்லவில்லையா?" என்று தோளை உயர்த்துவோர் உண்டு. சொன்னார்கள்! எந்தச் சாம்பலை அளந்து சொன்னார்கள்? எந்தப் பல்லை ஒப்பிட்டுச் சொன்னார்கள்? தவறென்றால் திருத்துவதற்கு எந்தக் கதவைத் திறந்து வைத்தார்கள்? இந்தப் பிணி நமக்கு மட்டும் உரியதன்று. அயர்லாந்திலே ஆர்ச்பிஷப் அஷர், கி.மு. 4004இல் உலகம் படைக்கப்பட்டதென்று 1650இல் வெளியிட்ட நூலிலே அறுதியிட்டார். துர்கானாச் சிறுவன் அதற்குள் 15 லட்சம் ஆண்டு தூங்கி முடித்திருந்தான்.

வெள்ளையன் என்றால் அறிவாளி, அவன் சொன்னால் அறிவியல் என்று மயங்குவோருக்கும் ஒரு கதை இருக்கிறது. 1912இல், இங்கிலாந்தின் பில்ட்டவுனில் ஆதிமனிதன் மண்டை ஓடு கிடைத்ததென்று லண்டனிலே ஆரவாரம். முதல் மனிதன் எங்கள் நாட்டான், பெரிய மூளைக்காரன் என்று பூரித்தனர். பன்னிரண்டு ஆண்டு கழிந்து, 1924இல், தென்னாப்பிரிக்காவின் டாங் என்ற ஊரிலே சுண்ணாம்புக் கற்சுரங்கத் தொழிலாளர்கள் தகர்த்த பாறையிலிருந்து ஒரு குழந்தையின் முகம் வெளிப்பட்டது. ரேமண்டு டார்ட் என்பார் ஆராய்ந்து, சின்ன மூளைதான், ஆயினும் நிமிர்ந்து நடந்த உயிர், மனிதனின் முன்னோர் வரிசையில் வைக்கத்தக்கது என்றார். லண்டன் பெருந்தலைகள் உதட்டைப் பிதுக்கின. குரங்குக் குட்டி என்றன. ஆப்பிரிக்காவிலா மனிதன் பிறப்பான்? 1871லேயே டார்வின் அப்படித்தான் ஊகித்து எழுதியிருந்தார், அதை மறந்தன!

1953இல் பில்ட்டவுன் பெட்டி திறந்து மறுபடியும் சோதிக்கப்பட்டது. மண்டை மனிதனுடையது, தாடையோ ஒராங்குட்டானுடையது! பற்களை அரத்தால் தேய்த்திருந்தனர். பழமை காட்டச் சாயம் பூசியிருந்தனர். நாற்பதாண்டு உலகை ஏய்த்த மோசடி! எண்ணிப் பாருங்கள், தோழர்களே: யாரும் நூல் கட்டித் தோண்டவில்லை, அடுக்கு அடுக்காக அளக்கவில்லை. களப்பள்ளியிலே இன்று ஒரு மாணவன் சீட்டு எழுதாமல் ஒரு பையை மூடினால் ஆசிரியர் சீறுகிறாரே, அந்தச் சீற்றத்தின் பின்னால் பில்ட்டவுன் இருக்கிறது.

சுரங்கத் தொழிலாளர் என்றோம். இத்துறையின் வரலாற்றைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் அவர்கள்தாம்! 1856இல் ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கிலே எலும்பு வெளிவந்தது கல்வெட்டும் தொழிலாளர் கையிலே. 1907இல், அதே நாட்டில், மவுவர் என்ற ஊரின் மணற்குழியிலே தாடையைக் கண்டவர் தானியேல் ஹார்ட்மன் என்ற மணல் தொழிலாளி. 1891இல் ஜாவாத் தீவிலே துபுவா என்ற டச்சு மருத்துவர் ஆதிமனிதனைக் கண்டார் என்று புத்தகம் சொல்லும். தோண்டியது யார்? டச்சு ஆட்சி கொடுத்த கைதிகள்! அவர்கள் பெயரை நாம் எங்கும் படித்ததில்லை.

கமோயாவின் பெயர் எழுதப்பட்டது. அதுவும் எளிதில் வந்ததன்று. 1964இல் டான்சானியாவின் பெனிஞ்சில் தாடை கண்டார். பிறகு இருபதாண்டுகள் ஆப்பிரிக்க வெயிலிலே நடந்து நடந்து கண்டவை பல. துர்கானாச் சிறுவனை உலகுக்கு அறிவித்த 1985ஆம் ஆண்டு 'நேச்சர்' கட்டுரைக்கு ஆசிரியர் நால்வர். அந்த நால்வரில் கமோயா இல்லை. ரிச்சர்டு லீக்கி அவரை ஊரறியப் பாராட்டினார் என்பதை மறைக்கமாட்டோம். அதே 1985இல் வெள்ளை மாளிகையிலே அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகன் கையால் பதக்கம் பெற்றார். இரண்டு தொல்குரங்கு இனங்களின் அறிவியற் பெயரிலே அவர் பெயர் பதிந்திருக்கிறது. 2021இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் மறைந்தார். குழியிலே நின்றவனுக்குக் கட்டுரையில் இடம் கிடைக்க என்ன வழி? குழியிலே நிற்பவனுக்கு எழுத்தும் கணக்கும் ஆய்வுமுறையும் கற்றுக்கொடுப்பது. எழுதுபவனைக் குழிக்குள் இறக்குவது. களப்பள்ளி என்பது, ஒழுங்காக நடத்தப்பட்டால், இந்த இரண்டையும் செய்யும் இடம். கூபி போராவிலே கென்ய மாணவர்களும் அயல்நாட்டு மாணவர்களும் ஒரே குழியில் மண் வாரியிருக்கின்றனர்.

பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது என்பது தோழரின் மறைவான கவலை. அவர் சொல்லவில்லை, நமக்குப் புரிந்தது. 1959இல் ஓல்டுவாயிலே உலகை உலுக்கிய மண்டை ஓட்டைக் கண்டது மேரி லீக்கி. கணவர் அன்று காய்ச்சலில் படுத்திருந்தார். மேரி எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்துப் பட்டம் வாங்கியவரல்லர். தான்சானியாவின் லேட்டோலியிலே, 36 லட்சம் ஆண்டுக்கு முன் ஈரச் சாம்பலில் நிமிர்ந்து நடந்துபோனவர்களின் காலடித் தடங்களை 1978இல் வெளிக்கொணர்ந்ததும் அந்த அம்மையார் தலைமையிலான குழுதான்.

களப்பள்ளியில் கைவேலை இன்னும் உண்டு. கல்லைக் கல்லால் தட்டிச் சில்லு பெயர்க்கக் கற்றுத் தருவர். விளையாட்டு என்று நினைத்துத் தட்டுகிற மாணவன் முதல்நாள் விரலை நசுக்கிக்கொள்வான். கோணம் தெரியவேண்டும், கல்லின் குணம் தெரியவேண்டும், அடி விழும் இடம் தெரியவேண்டும். துர்கானாவின் மேற்குக் கரையில் லொமேக்வி என்னுமிடத்தில் 2011இல் கண்ட கற்கருவிகளுக்கு வயது 33 லட்சம் ஆண்டு. அன்று தட்டியவன் மூளை நம் மூளையில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறுமோ என்னவோ. ஆயினும் அவன் ஒரு கைத்தொழிலாளி! நிக் டோத், கேத்தி ஷிக் என்ற இணையர், இயற்கையாக இறந்த யானையின் தோலையே சிறு கற்சில்லால் அறுத்துக் காட்டினர். ஏட்டைப் புரட்டினால் மட்டும் இது விளங்காது.

உணவுக் கதையும் வருகிறது. கூபி போராப் பகுதியிலே 19 லட்சத்து 50 ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இடமொன்றில் கிடைத்த எலும்புகளில் கற்கருவி வெட்டிய தழும்புகள் இருக்கின்றன. மீன், ஆமை, முதலைகூட விடவில்லை! 2010இல் இதை வெளியிட்ட ஆராய்ச்சியாளர்கள், மூளை வளர்ச்சிக்கு இவ்வகை உணவு துணைசெய்திருக்கலாம் என்று கருதுகின்றனர். மீன்கூடைக்காரியைக் கண்டு மூக்கைப் பொத்தும் மேன்மக்கள் இதையும் படித்துவிட்டுப் பொத்தட்டும்.

இனி, கசப்பான பகுதி. அயல்நாட்டுக் களப்பள்ளிகளிலே சில வாரப் பயிற்சிக்குக் கட்டணம் பல ஆயிரம் டாலர்! விமானக் கட்டணம் தனி. முன் அனுபவம் பெரும்பாலும் கேட்பதில்லை, ஆர்வம் போதும் என்கிறார்கள். ஆனால் ஆர்வத்தை ரூபாயாக மாற்றித் தரும் வங்கி எங்கே இருக்கிறது? உதவித்தொகை உண்டு, சிலருக்கே. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவர். மலேரியாவுக்கு மாத்திரை விழுங்கவேண்டும். இவையெல்லாம் செய்யக்கூடியவை. பணந்தான் மதில்! ஆண்டானின் பிள்ளை ஆதிமனிதனைத் தேடப் போவான், ஆலைத் தொழிலாளியின் பிள்ளை அவன் கொண்டுவந்த படத்தைப் பார்த்துக் கைதட்டவேண்டும் என்றால், அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் வேறு என்ன?

ஆகவே தோழரிடம் நாம் சொன்னது: மகளைத் தடுக்காதீர், ஆனால் கடன் வாங்கிக் கப்பலேற்றவும் வேண்டாம். முதல் குழி வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், சென்னைக்கு அருகே பல்லாவரத்திலே, இராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியலார் ஒரு கற்கருவியைக் குனிந்து எடுத்தார். இந்தியத் துணைக்கண்டத்தின் பழங்கற்கால ஆராய்ச்சி அந்தக் குனிவிலே பிறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், கொற்றலையாற்றை ஒட்டிய அதிரம்பாக்கத்தில், பூட்டும் உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கும் கைக்கோடரிகளைக் கண்டனர். சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். காலையிலே போய் மாலையிலே திரும்பிவிடலாம்! 1999 முதல் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே முறையாகத் தோண்டினர். 2011இல் அவர்கள் வெளியிட்ட முடிவு உலகை நிமிர வைத்தது: அந்தக் கைக்கோடரிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு! துர்கானாச் சிறுவன் ஏரிக்கரையில் செத்து விழுந்த அதே காலத்தையொட்டி, திருவள்ளூர் மாவட்டத்திலே ஒருவன் உட்கார்ந்து கல்லைத் தட்டிக்கொண்டிருந்தான். 2018இல் இன்னொரு முடிவு: கருவி செய்யும் முறை மாறிய இடைப் பழங்கற்காலம் அங்கே 3,85,000 ஆண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. பூண்டியிலே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள். எத்தனை கிளைக்கழகத் தோழர்கள் பார்த்திருக்கிறீர்கள், கை தூக்குங்கள் பார்ப்போம்!

அரசுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் பெரிதன்று. கொற்றலையாற்றங்கரையிலே ஆண்டுக்கு ஒருமுறை ஒரு களப்பள்ளி. கட்டணம் இல்லை. கல்லூரிப் பிள்ளைக்கு எவ்வளவு இடமோ அவ்வளவு இடம், அகழ்வுகளில் நாட்கூலிக்கு மண்சட்டி தூக்கிப் பழகிய கைகளுக்கும். அவர்களுக்கு அந்த நாட்களுக்கான கூலியும் குறையக்கூடாது. அறிக்கை அச்சாகும்போது, குழியில் நின்ற ஒவ்வொருவர் பெயரும் அதிலே இருக்கவேண்டும். ஒப்புக்கு ஒரு நன்றி வரியில் 'தொழிலாளர்கள்' என்று மொத்தமாக அன்று, தந்தை பெயரின் முதலெழுத்தோடு, தனித்தனியாக.

வேலையும் மிச்சமிருக்கிறது. இந்தியா முழுவதிலும் ஆதிமனிதனின் பழமையான மண்டை ஓடு என்று உலகம் ஏற்றுக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று. 1982இல் நர்மதை ஆற்றங்கரையில், ஹத்னோராவில், அருண் சொனாகியா கண்டது. அதிரம்பாக்கத்திலே விலங்கின் பற்கள் கிடைத்தன, விலங்குகள் நடந்த தடங்கள் கிடைத்தன, ஆயிரக்கணக்கில் கருவிகள் கிடைத்தன. அவற்றைச் செய்தவனின் எலும்பு, ஒரு தீப்பெட்டி அளவுகூட, இன்னும் கிடைக்கவில்லை.